பலகையில் இன்னும் உன் பெயர்

தங்கச்சி,

தையல் கூடத்துச் சுவரில் இருக்கும் புகார்க் குழுப் பலகையை இன்று ஈரத்துணியால் துடைத்தேன். நாளை நம்மிடம் துணி வாங்கும் கம்பெனிக்காரர்கள் ஆடிட்டுக்கு வருகிறார்கள். நூல் தூசு போனதும் முதல் வரியில் உன் பெயர், பக்கத்தில் உன் செல்போன் எண். நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. மாற்றிவிடட்டுமா என்று மேனேஜரிடம் கேட்டேன். "பேருன்னு ஒண்ணு இருந்தாப் போதும், விடுங்க" என்றார்.

அந்தப் பெயரை எழுதக் கொடுத்தவனே நான்தான். எங்களைப் போன்ற கம்பெனியில் பெண்களின் புகாரை விசாரிக்கக் குழு வேண்டும், பொறுப்பில் இருக்கும் பெண் ஒருத்தி அதற்குத் தலைவியாக வேண்டும், வெளியாள் ஒருவரும் வேண்டும் என்பது சட்டம். "வாய் பேசாத ஆளாப் பாத்துப் போடுங்க" என்றார் மேனேஜர். செக்கிங் சூப்பர்வைசரான நீ, ஆபீஸ் கிளார்க்கான நான் நீட்டிய தாளில் எல்லாம் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறவள். ஆளைக் கணிப்பதில் பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பில் உன்னைப் போட்டேன்.

பலகை மாட்டிய மூன்றாம் நாள் டீ நேரத்தில்தான் நீ பலகையைப் பார்த்தாய்.

"என்னண்ணே, என்னையக் கேக்காமலே தலைவியாக்கிப்புட்டீக?"

"சும்மா பேருக்குத்தாம்மா."

"போன் நம்பரையும்ல போட்டிருக்கீக. யாராச்சும் கூப்பிட்டா?"

யார் கூப்பிடப் போகிறார்கள் என்று நான் சிரித்தேன்.

கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வந்துபோன ஒரு பெண் கூப்பிட்டாள். அவள் தையல் வரிசையை மேற்பார்க்கும் லைன் இன்சார்ஜ் பின்னால் வந்து நின்று தோளில் கை போட்டிருக்கிறான். தட்டிவிட்டதற்கு அளவு ஸ்கேலால் அவள் முகத்தில் அடித்திருக்கிறான். நீ அவளை என் மேஜைக்கு அழைத்து வந்து, சட்டத் தாளை எடுத்து என்னை வாசிக்கச் சொன்னாய். தொண்ணூறு நாளுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்ற வரி வந்ததும், "அப்ப இன்னைக்கே ஆரம்பிப்போம்ணே" என்றாய். நான் அப்போதே பயந்துவிட்டேன்.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டு, குழுவின் வருட அறிக்கையில் புகார் ஏதுமில்லை என்று டைப் அடித்துவிடச் சொன்னார். அடித்தேன். நீ கையெழுத்துப் போட மறுத்தாய்.

"அந்தப் புள்ள மூஞ்சியில தடிப்பு இன்னும் கெடக்குண்ணே. எப்படிப் போடுவேன்?"

வருகைப் பதிவேட்டைப் பக்கத்தில் விரித்து வைத்து, உன் கையெழுத்தை நானே போட்டேன். கழித்துப் போட்ட தாளில் இரண்டு முறை பழகிக்கூடப் பார்த்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் பெண் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். உன்னைப் பேக்கிங்கிற்கு மாற்றி நாள் முழுக்க நிற்க வைத்தார்கள். அங்கே யாரோ உன்னிடம் அறிக்கையைக் காட்டியிருக்க வேண்டும். வேன் ஏறும்போது என்னிடம் வந்தாய். "என்னுது மாதிரியேதாண்ணே இருக்கு" என்றாய். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். மஞ்சள் காமாலையில் நீ போனபோது திருப்பரங்குன்றத்தில் உன் தெருமுனை வரைக்கும் வந்தேன். வீட்டு வாசலுக்கு வரக் கால் வரவில்லை.

இன்று பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு பெண் வந்து நின்றாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவள்.

"அண்ணே, இந்த நம்பருக்கு ரெண்டு நாளாக் கூப்பிடுறேன். சுவிட்ச் ஆஃப்னே வருது. இந்த அக்கா எந்த லைன்ல இருக்காக?"

அவள் முழங்கையில் நீலமாகக் கன்றியிருந்தது. அதே இன்சார்ஜ்தான். நீ இல்லை என்று சொல்வதற்குப் பதில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார வைத்து, அவள் சொல்லச் சொல்ல நானே எழுதினேன். எழுதி முடித்ததும், "இதை யாருகிட்டண்ணே குடுக்கணும்?" என்று கேட்டாள். நான் வாங்கி என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இப்போது மேஜையில் இந்த வருட அறிக்கை கிடக்கிறது. புகார் ஏதுமில்லை என்று மேனேஜரே அடித்துக் கொடுத்துவிட்டார். கீழே தலைவியின் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. நாளை சட்டைப் பையில் இருப்பதை ஆடிட்காரர்களிடம் கொடுத்துவிடுவேன் என்றுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். ஆனாலும் பயமாக இருக்கிறது, தங்கச்சி. உன் கையெழுத்து என் கைக்கு இன்னும் மறக்கவில்லை.