மூசாங் முகத்தில் விழித்தவர்

ஈஸ்ட் ஹாம், லண்டன்
6.5.2024

மரியாதைக்குரிய மண்டோர் அவர்களுக்கு,

நீலாவதி எழுதுவது. நலமாக வந்து சேர்ந்தேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் மகள் மோகனா படித்துவிடுவாள், அதனால்தான் தபால். ஆறு மாதம் இருக்கச் சொல்கிறாள்.

இன்று காலை பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துப் பூங்காவில் நடந்துகொண்டிருந்தேன். புதரிலிருந்து செம்பட்டை நிறத்தில் ஒன்று வந்து பாதை நடுவே நின்றது. நாய் என்று பார்த்தால் நாய் இல்லை. தடித்த வால், நுனி மட்டும் வெள்ளை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவசரமே இல்லாமல் போனது. பயமும் சந்தோஷமுமாக அங்கேயே நின்றுவிட்டேன்.

மோகனாவிடம் சொன்னால், "நரிம்மா அது" என்கிறாள்.

"நரி எனக்குத் தெரியாதா? நம்ம தோட்டத்துல லயத்து வீட்டுக் கூரை மேல ஓடுமே!"

விழுந்து விழுந்து சிரித்தாள். "அது மூசாங் லா, மரநாய்! நம்ம ஊர்ல நரியே கிடையாது."

மண்டோர், ரப்பர் தோட்டத்தில் உங்கள் மேற்பார்வையில் பால்மரம் வெட்டிய எங்களுக்கெல்லாம் அதை நரி என்று காட்டியவர் நீங்கள்தான். நான் புறப்படுவதற்கு முதல்நாள், "இன்னிக்கு நரி முகத்துல முழிச்சேன், அந்தத் தைரியத்துல கேக்குறேன், என்னைக் கட்டிக்கிறியா?" என்றீர்கள். விழித்தது மூசாங் முகத்தில்! அந்தக் கேள்வி செல்லுமா?

இப்படிக்கு,
நீலாவதி

பெடாஸ், மலேசியா
18.5.2024

அன்புள்ள நீலாவுக்கு,

படித்துச் சிரித்தேன், பிறகு வெட்கமாகிவிட்டது. அந்தக் காலத்தில் தோட்டக் கணக்கு எழுதிய கிராணி சொன்னதை நம்பி நானும் சொல்லித் திரிந்திருக்கிறேன். இப்போது ரம்புத்தான் மரத்தில் அது வந்து உட்கார்ந்தால் ஏறிட்டுப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

நரியோ மூசாங்கோ, கேட்டவன் நான். உன் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம், என் மனைவி செல்லம் போய் ஆறு வருஷம். ஒரு துணை வேண்டும் என்று கேட்கவில்லை. நீ வேண்டும் என்று கேட்டேன். மகன் சசிதரனிடமும் சொல்லிவிட்டேன். "கோயில்லயா, ரிஜிஸ்டர் ஆபீஸ்லயா?" என்றான்.

"பேரப்பிள்ளையைப் பாக்கப் போனவங்க அங்கேயே தங்கிருவாங்க லா" என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, நீலா. முடியாது என்றாலும் எழுதிவிடு. பதிலே இல்லாமல் விட்டுவிடாதே.

திருநாவுக்கரசு

ஈஸ்ட் ஹாம், லண்டன்
1.6.2024

அன்புள்ள உங்களுக்கு,

நரிக்கு மூன்று குட்டிகள்! ஒன்றின் வாலை ஒன்று கடித்துக்கொண்டு புல்லில் உருளுகின்றன. சத்தம் போட்டுச் சிரித்தேன். பக்கத்தில் திரும்பி, "பாருங்களேன்!" என்றேன். உங்களைத்தான் கூப்பிட்டிருக்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் மோகனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உனக்கு வெக்கமா இல்லையாம்மா?" என்றாள். நான் அடுக்களைப் பக்கம் திரும்பினேன். "பாவம், அந்த மனுஷனை ஒரு மாசமா காக்க வச்சிருக்கியே!" என்று கட்டிக்கொண்டாள். கொஞ்சம் அழுதாள், நானும்தான்.

டிக்கெட்டை அவளே மாற்றிவிட்டாள். வருகிற பதினொன்றாம் தேதி பெடாஸில் இருப்பேன். தபால் போகிற வேகத்தைப் பார்த்தால் இதற்கு முன்னால் நானே வந்து நிற்பேன் போலிருக்கிறது. அப்படி வந்தால், என்ன பதில் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு வாய் வராது. கடிதம் வரும்வரை பொறுத்திருந்து படித்துக்கொள்ளுங்கள். சரி என்று எழுதியிருக்கிறேன்.

உங்கள்
நீலா