முட்டு வலியும் இரண்டு வகை ஊசியும்

1997 ஜூன் 9, திங்கள்

காலை முதல் மழை. பாறசாலை ஸ்டேஷன் ரோடு முழுக்கச் சேறு. ஓ.பி.யில் ஆறு பேர்தான், அதில் நாலு பேருக்குச் சளி. செருப்பு அறுந்தது, மாற்ற வேண்டும்.

பதினொன்றரைக்குக் கடைசிப் பெண்ணுக்குக் கடைசி அக்குபங்சர் ஊசி. முடிந்தது. எட்டு மாதம், பதினெட்டுப் பெண்கள், அத்தனை பேருக்கும் முழங்கால் முட்டு வலி. மீன் விற்பவர்கள், வயல் வேலைக்காரிகள், ஒரு தையல்காரி, தபால்காரரின் மனைவி.

21-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் டாக்டர்கள் கூட்டம். எனக்குப் பதினைந்து நிமிடம். செய்த விதத்தைக் கட்டாயம் கேட்பார்கள்:

– சீட்டுக் குலுக்கி இரண்டு பிரிவு. 'அ': சரியான புள்ளியில், சரியான ஆழத்தில் ஊசி. 'ஆ': புள்ளி இல்லாத இடத்தில், தோலோடு மட்டும்.
– எல்லோரிடமும் முதலிலேயே சொன்னது: ரெண்டு வகை உண்டு, எது நல்லது என்று எங்களுக்கே தெரியாது, உங்களுக்கு எது என்று முடியும்வரை சொல்ல மாட்டோம். சம்மதித்தவர்கள் மட்டும்.
– வலி எப்படி என்று நான் கேட்கவே இல்லை. கேட்டு எழுதியது லீலா டீச்சர். யாருக்கு எந்த ஊசி என்று அவருக்குத் தெரியாது.

டீச்சர் இல்லையென்றால் இது நடந்திருக்காது. முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு என் அடுத்த வீட்டில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தவர். இப்போது ஆஸ்பத்திரி முன்னறையில் நோட்டோடு உட்கார்ந்தால் என்னையே உள்ளே விடமாட்டார்.

ஜூன் 10, செவ்வாய்

லீவு. ஏழரை பஸ்ஸில் தி.புரம், மருத்துவ நூலகம். நெய்யாற்றின்கரை வரை நின்றுகொண்டே. ஜன்னல் ஷட்டர் எல்லாம் கீழே, உள்ளே வியர்வை.

பழைய சஞ்சிகையிலிருந்து புதிது வரை வரிசையாகப் புரட்டினேன். முன்பெல்லாம் எழுதுவது ஒரே பாட்டு: இத்தனை பேருக்குக் குத்தினோம், எல்லோரும் குணம். அப்புறம் மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். இப்போது எல்லோரும் பொய் ஊசியோடு ஒப்பிடுகிறார்கள். முதுகு, கழுத்து, தோள், முட்டு, எல்லாவற்றுக்கும். ஒருவர் ஜெயித்தது என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார். பெரும்பாலும் கொஞ்சம் ஆட்களை வைத்துத்தான். பொய் ஊசியும் தோலைக் குத்தத்தானே செய்கிறது, அது எப்படி ஒன்றுமில்லாததாகும் என்று ஒருவர் சண்டை.

நம்முடையது ஜெயிக்கும். நம்பிக்கை இருக்கிறது. பொழியூரில் மீன் விற்கும் ஸ்டெல்லாக்காவின் நடையை ஜன்னல் வழியே பார்த்தேனே.

(அவள் 'ஆ' பிரிவு. இதை ஏன் மறந்தேன்?)

ஜூன் 12, வியாழன்

மழை விட்டது. மத்தியானம் டீச்சர் வீட்டில் என் பட்டியலும் அவர் நோட்டும் ஒரே மேஜையில். நான் பெயரையும் பிரிவையும் சொல்ல, அவர் வலியின் அளவைச் சொல்ல.

இரண்டு பிரிவுக்கும் வலி குறைந்திருக்கிறது. கிட்டத்தட்ட ஒரே அளவு. 'அ'வுக்கு நூலளவு கூடுதல். அவ்வளவுதான்.

மூன்று முறை கூட்டினோம்.

"கணக்கு தெற்றில்ல மக்கா. நான் ஒரு தடவ கூட்டினா அது கூட்டினதாக்கும்."

"இன்னொரு தடவை பார்ப்போம் டீச்சர்."

"பாத்தா மாறுமா?"

சாயா ஆறிப்போனது. வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடியும் துவைத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

பெரிய டாக்டரிடம் காட்டினேன். ஆஸ்பத்திரி அவருடையது. எனக்கு ஊசி அறை ஒதுக்கித் தந்தவரும் அவர்தான். அமரவிளையில் இன்னொரு கிளை திறந்து அதிலும் ஊசிப் பிரிவு வைக்க வேண்டும் என்று ஆசையோடு இருப்பவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"ஹெலன், 'அ'வுல ரெண்டு பேருக்கு ஒரு சுகமும் இல்ல. அந்த ரெண்டையும் எடுத்துரு. பாதியில நிறுத்தினாங்கண்ணு எழுது. வித்தியாசம் தெளிவா வரும்."

"நிறுத்தல சார். ரெண்டு பேரும் கடைசி வரை வந்தாங்க."

"எத்தனை பேரு வலி குறைஞ்சு நடந்து போறாங்க? அத நீயே கெடுக்கப்போறியா?"

அவர் கெட்டவர் இல்லை, ஏழைகளைத் திருப்பி அனுப்பிப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த இருவரும் மழையில் நனைந்துகொண்டு பன்னிரண்டு தடவை வந்தவர்கள். வரவில்லை என்று நான் எழுத முடியாது.

"எடுக்க மாட்டேன் சார்."

"அப்போ உன் இஷ்டம்." ஃபைலை என் பக்கம் தள்ளினார்.

ஜூன் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் நேரே பொழியூர். யாருக்கு எந்த ஊசி என்று ஆய்வு முடிந்ததும் எல்லோரிடமும் சொல்வதாக வாக்கு கொடுத்திருந்தேன், யாரிடமிருந்து தொடங்குவது என்று யோசித்தால் ஸ்டெல்லாக்காவிடம்தான். கடல் கொந்தளிப்பு. ஸ்டெல்லாக்கா வீட்டு முன்னால் நின்ற இரண்டு தென்னையையும் போன வாரம் கடல் எடுத்துவிட்டது. அவள் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள், குத்தவைத்து. எட்டு மாதம் முன்னால் குத்தவைக்கவே முடியாதவள்.

"வாருங்க டாக்டறே! இப்போ பூசைக்குப் போனா பள்ளிப் படி அம்பிடும் ஏறுறேன், கேட்டியளா."

சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, உங்களுக்குக் குத்தினது மேலோட்டமான வகை. சரியான இடத்துல இல்ல."

கை நின்றது. "ரெண்டு வகை உண்டுண்ணு மொதல்லயே சொன்னியதான். ஆனா எனக்கு நல்லதாக்கும் கிட்டினதுண்ணு நான் நெனச்சேன்." முகம் சுண்டிப்போனது. "அப்போ எனக்க வேதன போனது பொய்யா?"

"பொய் இல்ல. நீங்க நடந்தத டீச்சர் எழுதி வச்சிருக்காங்க."

"பின்ன எப்பிடிப் போச்சு?"

"தெரியல்ல அக்கா."

ஒரு காகத்தை விரட்டினாள். நான் எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது சொன்னாள்:

"நான் ஒண்ணு சொல்லட்டா? ஒங்க கட்டில்ல வாரம் ரெண்டு நாளு அர மணிக்கூறு காலு நீட்டிக் கெடந்தேன். கல்யாணம் கழிஞ்ச நாளு தொட்டு பகல்ல நான் அப்பிடிக் கெடந்தது இல்ல. ஒருத்தி எப்பிடி இருக்குண்ணு கேட்டு எழுதவும் செய்தா. வீட்டுல எவன் கேக்கியான்?"

பஸ்ஸில் திரும்பும்போது இதையே மாற்றி மாற்றி நினைத்தேன். படுத்திருந்தது. கேட்டது. குத்தியது. மூன்றும் இரண்டு பிரிவுக்கும் பொது! எட்டு மாதமாக எனக்குத் தோன்றாதது.

ஜூன் 18, புதன்

கட்டுரை எழுதி முடித்தேன். இரண்டு பேரையும் எடுக்கவில்லை. முடிவு: வித்தியாசம் காட்ட முடியவில்லை, ஆட்கள் போதாது, படுத்து ஓய்வெடுக்க மட்டும் ஒரு மூன்றாம் பிரிவு வேண்டும். நோயாளி ஒருவர் சொன்ன யோசனை என்றும் சேர்த்திருக்கிறேன்.

டைப் அடித்த தாள் வைத்த பையில் மழைத் தண்ணீர். கடைசிப் பக்கம் மறுபடியும்.

ஜூன் 21, சனி

கூட்டம். நீலப் புடவை. பெரிய டாக்டரும் வந்திருந்தார், கடைசி வரிசையில்.

இங்கிலீஷில் வாசித்தேன். முடிவுக்கு வந்தபோது நடுவரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். எலும்பு வைத்தியர் ஒருவர், வயதானவர், எழுந்து மலையாளத்தில் கேட்டார்: அப்படியென்றால் டாக்டர் இனி ஊசி குத்துவீர்களா?

"குத்துவேன். ரெண்டு பிரிவுலயும் வலி குறைஞ்சிருக்கு. ஏன் குறைஞ்சதுண்ணு தெரியாது. தெரியாதுண்ணு சொல்லிட்டுத்தான் குத்துவேன்."

யாரும் கை தட்டவில்லை. எலும்பு வைத்தியர் மட்டும் உட்கார்ந்து ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு வெளியே வந்து, மூன்றாம் பிரிவை எப்போது தொடங்குகிறீர்கள் என்று கேட்டார். "இந்த மாசமே" என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல்.

திரும்பும்போது பெரிய டாக்டரின் காரில். நெய்யாற்றின்கரை தாண்டியதும் சொன்னார்: "எனக்குக் கோபம்தான். ஆனா நீ வாசிச்சதுல பொய் ஒண்ணும் இல்ல."

ஜூன் 23, திங்கள்

ஊசி அறை எக்ஸ்ரேக்கு வேண்டுமாம். பெரிய டாக்டர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஓ.பி. வேலை அப்படியே இருக்கும், ஊசி மட்டும் இனி இங்கே வேண்டாம். அழவில்லை. ஊசிப் பெட்டி, ஸ்டெரிலைசர், இரண்டு நோட்டு – ஒரே ஆட்டோவில்.

லீலா டீச்சர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க கொண்டு போறே?"

"வீட்டுக்கு."

"ஒனக்க வீட்டுல எடம் எங்க உண்டு? இங்கோட்டு எறக்கு. பெரிய முறி சும்மா கெடக்குது." ஆட்டோக்காரனிடம்: "எலே, மெதுவா எறக்கணும், கேட்டியா?"

ஜூன் 24, செவ்வாய்

டீச்சர் வீட்டுப் பெரிய அறையைக் கழுவினோம். கட்டில் இரண்டு, திரை மூன்று. செய்ய வேண்டியவை: ஸ்பிரிட், பஞ்சு, சீட்டு (இந்த முறை அ, ஆ, இ), சம்மதத் தாள் தமிழிலும் மலையாளத்திலும். ஆஸ்பத்திரி நேரம் கழிந்து, மூன்று மணிக்கு மேல்.

ஒரு குறை: 'இ' பிரிவுக்கு ஊசி இல்லை என்பது அவர்களுக்கே தெரியும். மறைக்க வழியில்லை. குறை என்றே எழுத வேண்டும். டீச்சரிடம் எந்தப் பிரிவு என்று யாரும் சொல்லக்கூடாது. அவர் அடுக்களையில் இருப்பார், கடைசியில் தனியாகக் கேட்பார்.

ஜூன் 26, வியாழன்

மூன்று மணிக்கு ஸ்டெல்லாக்கா ஐந்து பெண்களோடு வந்து நின்றாள். மழையில் ஒரே குடைக்கு மூன்று தலை.

"சும்மா கெடக்கதுக்கு ஆளு வேணும்ணியளாமே. எங்க கரையில எத்தற வேணும்?"

எல்லாவற்றையும் சொன்னேன். போன தடவை வந்த முடிவையும் மறைக்காமல். ஒருத்தி, "ஊசியும் இல்ல, மருந்தும் இல்ல, பின்ன என்ன வைத்தியமாக்கும்?" என்று கிளம்பிவிட்டாள். நாலு பேர் இருந்தார்கள். ஏற்கெனவே ஊசி குத்திக்கொண்டவள் என்பதால் ஸ்டெல்லாக்காவைச் சேர்க்க முடியாது என்றதற்குக் கோபம். அடுக்களைக்குப் போய் டீச்சருக்குச் சாயா போடுகிறாள்.

சீட்டு எடுத்தாயிற்று. 'அ' ஒன்று, 'ஆ' ஒன்று, 'இ' இரண்டு. ஊசிக்காரிகள் இருவரும் முடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். 'இ' இருவரும் திரைக்குப் பின்னால் படுத்திருக்கிறார்கள். ஒருத்தி கூரையைப் பார்த்தபடி. மற்றவள் படுத்த ஐந்தாவது நிமிடமே உறங்கிப்போனாள், வாய் திறந்து, குறட்டையோடு. முப்பது நிமிடம் ஆகிவிட்டது. எழுப்ப வேண்டும். இன்னும் இரண்டு நிமிடம் உறங்கட்டும்.