பால் காய்ச்ச வந்த பீரோ

இன்று காலையிலிருந்து என் சட்டைப் பையில் அடுத்தவர் வீட்டுச் சாவி ஒன்று கிடக்கிறது, பாய். குனிந்தால் விழுந்துவிடுமோ என்று ஒரு கையால் பிடித்துக்கொண்டே திரிகிறேன். முகம் கழுவப் போனபோது கண்ணாடியில் பார்த்தேன். உன்னைப் போலவே சட்டைப் பை தொங்கிப்போய் ஒரு கிழவன் நின்றுகொண்டிருந்தான். சிரிப்பு வந்தது. அப்புறம் உன் ஞாபகம் வந்து அழுகையும் வந்துவிட்டது.

சாவி ராஜம்மா அக்காவுடையது. குடியாத்தத்தில் மகள் வீட்டுப் பக்கமாக நான் வாங்கிய சின்ன வீட்டுக்கு எதிர்வீடு. தனியாக இருக்கிறாள். தங்கையோடு போய் இருக்கலாம் என்று வீட்டை விலை பேசி முன்பணமும் வாங்கிவிட்டாள். பத்திரப் பதிவு இன்னும் ஆகவில்லை. காலையில் வந்து என்னிடம் யோசனை கேட்டாள்.

"மார்கழி பொறந்துட்டா புது வீட்டுக்குள்ள போவமாட்டாங்களாம். நாளைக்கே பால் காய்ச்சிக்கறோம், சாவியக் குடுங்கன்றாங்க. நல்ல காரியம் கேக்கறாங்க, எப்பிடி முடியாதுன்றது?"

ஆம்பூரில் உன்னிடம் நான் சொன்னதும் ஏறக்குறைய இதே வார்த்தைகள்தான்.

உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். நான் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற கட்டிங் வேலை. நீ தோல் பதனிடும் ஷாப்பில் லாரிக்குச் சரக்கு ஏற்றி அனுப்புகிறவன். "பணம் வராம சரக்கு கம்பெனி கேட்டத் தாண்டாது" என்பது உன் வாயில் எப்போதும் இருக்கும். ஓய்வு பெற்ற பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாய். பேரன் சாக்லேட் கேட்டால்கூட அதைத்தான் சொல்வாய். என் மனைவி போன பிறகு எனக்குப் பேச்சுத் துணை நீதான். உன் பீவி போன பிறகு உனக்கு நான்தான். சாயங்காலமானால் முனைக் கடையில் ஆளுக்கொரு டீ. பாதி நாள் சண்டை, மீதி நாள் அரட்டை.

வீட்டை விற்றுவிட்டு மகள் ஊருக்குப் போகப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு நீ டீயை மட்டும் ஊதி ஊதிக் குடித்தாய். "நல்ல வெலைக்குக் குடு" என்றாய். அவ்வளவுதான். எனக்குக் கொஞ்சம் வருத்தம். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா இந்த மனுஷன் என்று இருந்தது.

வாங்க வந்தவர்கள் வாணியம்பாடிப் பக்கத்துக் குடும்பம். பேங்க் லோன் போட்டிருந்தார்கள். முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதியாயிற்று. மீதி, பதிவன்று. என் சாமான்களை முன்னமே மகள் வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். அதற்குள் புரோக்கர் ஓடி வந்தான். வைகாசி முடியப் போகிறது, விட்டால் ஆவணிதான், அதனால் இப்போதே பால் காய்ச்சிக்கொள்கிறார்களாம். "சும்மா பால் காய்ச்சத்தான் சார். ஒருநா கூத்து" என்றான். நான் தலையாட்டிவிட்டேன். பால் காய்ச்சக் கேட்கிற வாயைப் பார்த்து எந்தக் குடும்பஸ்தன் முடியாது என்பான்? நம் பக்கத்தில் தண்ணீர் இல்லை என்றுகூடச் சொல்லிவிடலாம், நல்ல காரியத்துக்கு இல்லை என்று சொல்ல நாக்கு வராது.

சாயங்காலம் டீக் கடையில் உன்னிடமும் அதையே சொன்னேன். மறுநாள் விடிந்ததும் நீ வந்து நின்றாய். "உன் ஊட்டு சாவியக் குடு."

"உனுக்கு எதுக்கு பாய்?"

"குடுய்யா, ஜாஸ்தி பேசாத."

பூட்டையும் சாவியையும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். பை தொங்கியது. உன் வீட்டுச் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து என் வாசற்படி ஓரமாகப் போட்டு உட்கார்ந்துகொண்டாய். மடியில் பால் பாக்கெட்டும் ஒரு பொட்டலம் சர்க்கரையும். நீ விருந்தாளியா காவல்காரனா என்று எனக்கே விளங்கவில்லை.

அவர்கள் ஆட்டோவில் வந்தார்கள். பின்னாலேயே ஒரு குட்டி யானை வண்டி. அதில் பீரோ, பிரிட்ஜ், கட்டில். நான் புரோக்கரை முறைத்தேன். நீ மட்டும் எழுந்து, "வாங்கம்மா, வாங்க. பாலு ரெடியா இருக்கு" என்று சிரித்தாய். அதே சிரிப்போடு புரோக்கரைப் பார்த்துக் கேட்டாய். "பாலு காய்ச்சறதுக்கு பீரோ எதுக்கு நைனா?"

வாங்குகிறவரின் அம்மா முன்னால் வந்தார். "பாலு காய்ச்சினா ராத்திரி அங்கியே படுக்கணும்ங்க. அதான் மொற."

"தாராளமா படுங்கம்மா. ஹால்ல ஜமக்காளம் விரிச்சித் தர்றோம். ஊட்டுக்காரனும் இங்கதான் படுப்பான், நானும் படுப்பேன். ஆனா பீரோவுக்கு எதுக்குத் தூக்கம்? பதிவு முடியட்டும், நானே வந்து ஒரு கை புடிச்சி எறக்கறேன்."

அந்த வீட்டு மருமகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததில் பீரோவும் கட்டிலும் பிரிட்ஜும் வந்த வழியே திரும்பின. பால் பொங்கியது. முதல் டம்ளர் உனக்குத்தான் கொடுத்தாள். இரவு நாம் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் படுத்தோம். உன் குறட்டையில் அவர்களில் ஒருவரும் தூங்கியிருக்க மாட்டார்கள். காலையில் எல்லாரும் கிளம்பியதும் கதவைப் பூட்டிச் சாவியைத் திரும்பவும் உன் பையில் போட்டுக்கொண்டாய். "நீ கையில வச்சினு இருந்தா யார்னா கேட்டா குடுத்துடுவ" என்றாய். அன்றிலிருந்து என் வீட்டுக்குள் போக நான் உன்னிடம் சாவி கேட்க வேண்டியதாயிற்று. என்ன பேஜாருடா இது என்று திட்டிக்கொண்டே கேட்டேன்.

நீ எவ்வளவு சரி என்று ஆனியில் தெரிந்தது. பேங்க் லோன் இழுத்துக்கொண்டே போயிற்று. புரோக்கர் திரும்பவும் வந்தான். முதலில் பத்திரத்தைப் பதிந்துவிடலாம், மீதிக்குச் செக் கொடுக்கிறார்கள், லோன் வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்றான். அவர்கள் மோசக்காரர்கள் இல்லை பாய். வழி தெரியாமல் தவித்தவர்கள்தான். ஆனால் அன்றைக்குக் கட்டிலும் பீரோவும் என் வீட்டுக்குள் இருந்திருந்தால் எந்த வாயால் நான் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன்? அந்த வீட்டை விட்டால் எனக்கு வேறு சொத்து ஏது? பதிந்து கொடுத்துப் பணம் வராமல் போயிருந்தால் மகள் வீட்டு மூலையில் ஒண்டிக்கொண்டு, மருமகன் முகத்தைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொண்டிருப்பேன். வீடு காலியாக இருந்ததால் நிம்மதியாகச் சொன்னேன். "லோன் வர்றப்ப வாங்க. அதுவரிக்கும் வேற யாருக்கும் குடுக்கமாட்டேன்."

ஆவணியில் லோன் வந்தது. டிடியை பேங்கில் காட்டி உறுதி செய்துகொண்ட பிறகுதான் என்னைக் கையெழுத்துப் போட விட்டாய். பதிவு அலுவலகத்து வாசலிலேயே சாவியை எடுத்து அந்த மருமகள் கையில் கொடுத்தாய். "இப்ப இன்னொரு தபா பாலு காய்ச்சிக்கம்மா. பீரோவக் கூட்டினு வா" என்றாய். சொன்ன சொல் தவறாமல் போய் ஒரு கை பிடித்து இறக்கவும் செய்தாய். இடுப்பு பிடித்துக்கொண்டு நாலு நாள் படுத்தாய்.

அன்றைக்குப் பதிவு முடிந்து எதிர்க்கடையில் டீ குடிக்கும்போதுதான் கேட்டேன். "நான் போறதுல உனுக்கு ஒண்ணும் இல்லியா பாய்? சாவிய உன்கிட்டயே வச்சினு இருந்த. பேரத்தக் கலச்சி உட்டிருந்தா நான் இங்கியே கெடந்திருப்பேனே."

நீ டம்ளரைக் கீழே வைத்தாய். "நீ போறது எனுக்கு சுத்தமாப் புடிக்கல. ஆனா நீ ஏமாந்து போறது அதவிடப் புடிக்கல" என்றாய். அப்புறம் டீயில் சர்க்கரை கம்மி என்று கடைக்காரனிடம் சண்டைக்குப் போய்விட்டாய்.

போன வருடம் நீ போய்ச் சேர்ந்த அன்று உன் மவுத்துக்கு வந்தபோது உன் வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது அந்த மருமகள்தான். என்னைப் பார்த்ததும், "பீரோவ நவத்தணும்னா இனிமே யார மாமா கூப்புடுவேன்?" என்று அழுதாள். வாசலில் பிடிவாதமாக உட்கார்ந்திருந்த உன்மேல் அவளுக்கு அத்தனை பாசம். அப்படி ஒருவரையும் பகைக்காமல் காவல் இருக்க எனக்கு வருமா என்று தெரியவில்லை.

காலையில் ராஜம்மா அக்காவிடம் சாவியைக் கேட்டபோது அவள் முகம் சுருங்கியது. "உனுக்கு எதுக்குப்பா?" என்றாள். வாயைத் திறந்தேன். வந்தது என் குரல்தான், பேச்சு உன்னுடையது. "குடுக்கா, ஜாஸ்தி பேசாத."

இந்த ஊரில் நான் பேசிச் சிரிக்க இருப்பது அவள் ஒருத்திதான் பாய். அவளும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன். பாலும் சர்க்கரையும் வாங்கியாயிற்று. விடிந்ததும் அவள் வாசலில் போய் உட்கார வேண்டும்.