ஆள் வருது

ஜூலை 7, திங்கள்
காலையிலேயே புழுக்கம். கம்பெனி பஸ் லேட். எளாவூரில் ஒரு புதுப் பெண் ஏறினாள். ஒரிசா. என் பக்கத்து சீட்டில் என் பை. "ஆள் வருது" என்றேன். அப்படி யாரும் இல்லை. கொஞ்சம் தாராளமாக உட்கார ஆசை, அவ்வளவுதான். கும்மிடிப்பூண்டி வரை நின்றே வந்தாள்.
வாங்க: து.பருப்பு, தலைவலி மாத்திரை, பெரியவனுக்கு ஜாமெட்ரி பாக்ஸ்.

ஜூலை 8, செவ்வாய்
பேக்கிங்கில் என் டேபிளிலேயே அவளைப் போட்டிருக்கிறார்கள். பெயர் சுனிதா. நல்ல கைவேகம். கேட்கும் தமிழை ஒரு குட்டி நோட்டில் ஒடியாவில் எழுதிக்கொள்கிறாள். கேன்டீனில் பக்கத்து டேபிள் காஞ்சனா அவளிடம், "இங்க ஆள் வருது, அப்பால போ." சுனிதா கை கழுவும் தொட்டி அருகே நின்றபடி சாப்பிட்டாள். நான் பார்க்காதது போல் குழம்பை ஊற்றிக்கொண்டேன்.

ஜூலை 9, புதன்
மழை. கரண்ட் போய் அரை மணி நேரம் வேலை இல்லை. சுனிதா நோட்டோடு வந்தாள்.
"அக்கா, 'ஆள் வருது'ன்னா இன்னா? எல்லாரும் சொல்றாங்க. ஆள் வரல."
ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். பேனாவோடு காத்திருந்தாள். முடியவில்லை.
"நீ இங்க உக்கார வேணாம்னு அர்த்தம். திங்கக்கெழம நானும் அதான் சொன்னேன். எனுக்கு யாரும் வர்ல."
எழுதிக்கொண்டாள். அழவில்லை.
"'வேணாம்'னே சொல்லலாம் அக்கா. அந்த வார்த்த எனக்குத் தெரியும்."
கரண்ட் வந்தபின் இரண்டு பெட்டிக்கு லேபிள் மாற்றி ஒட்டினேன்.

ஜூலை 10, வியாழன்
பையை மடியில் வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். "வா சுனிதா, உக்காரு."
"பரவால்ல அக்கா."
கம்பியைப் பிடித்து நின்றே வந்தாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது.

ஜூலை 12, சனி
நேற்றும் இன்றும் அவள் வரவில்லை. ஜுரமாம். ஷிப்ட் முடிந்து எளாவூரில் இறங்கி விசாரித்துப் போனேன். செக்போஸ்ட் பின்னால் தகர ஷெட். ஒரே ரூம், ஒரே பாய், ஐந்து பெண்கள். அதில் போர்வைக்குள் சுனிதா. பிரெட், மாத்திரை கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றேன். உள்ளே போக ஒரு மாதிரி இருந்தது. ஐந்து பேரும் ஒருசேர நகர்ந்து உட்கார்ந்தார்கள். சுனிதா பாயைத் தட்டி, ஒடியாவில் "பொசொ அக்கா" என்றாள்.
செருப்பைக் கழற்றினேன். முழங்காலோடு முழங்கால் இடிக்க ஆறு பேர். அவர்கள் கொடுத்த டீயில் சர்க்கரை ஜாஸ்தி.