நாவில் எழாத பாசுரம்

முட்டுக்காடு,
பார்த்திப வருஷம், ஆனி (2005)

சௌபாக்கியவதி லோகநாயகிக்கு அநேக ஆசீர்வாதம். பெருமாள் கிருபையால் என் உடம்புக்குக் குறைவில்லை. உன் முழங்கால் வலி தணிந்ததா?

இங்கே குடியிருப்புக் கோயிலில் சென்ற வெள்ளியன்று ஒரு வேடிக்கை. சந்நிதியில் பாசுரம் தொடங்கினேன். இரண்டாம் அடி நாவில் எழவில்லை. நான் திகைத்து நின்றதைத் தியானம் என்றெண்ணி, எல்லோரும் கண்மூடிக் கைகூப்பினர்.

சில மாதங்களாகவே மனம் இருண்டு கிடக்கிறதென்று கோயில் காரியதரிசி பிரவின்குமாரிடம் சொன்னேன்.

"டிப்ரெஷனா சாமி? எனக்குந்தான். நேத்து மேட்ச் ஊத்திக்கிச்சே" என்று சிரித்தார்.

இவ்விடத்தில் காபி ஆறினாலும் டிப்ரெஷன், கரண்ட் போனாலும் டிப்ரெஷன். உயிரை அரிக்கும் நோயின் பெயரைக் கண்டவர் வாயில் எச்சிலாக்கிவிட்டார்கள். நோயுற்றவன் அதைச் சொன்னால் கேலியாகிறது.

போகட்டும். சுண்டைக்காய் வற்றல் கொஞ்சம் அனுப்பு. நம் வீட்டு அலமாரியிலுள்ள, உன் மாமனாரின் பாசுரப் புத்தகத்தையும் சேர்த்துக் கட்டு. ஐந்து வயதிலேயே மனப்பாடமாயிற்றே, இப்போது எதற்கென்று கேளாதே. முடிந்தால் நீயே கொண்டு வா.

சந்நிதி திறக்க நேரமாகிறது; ஜனங்கள் காத்திருக்கிறார்கள்.

நரசிம்மன்