தூக்கிக் கொடுத்தவன் பெயர்

சென்னை,
14-7-1979

அன்புள்ள மாப்ள கண்ணுச்சாமிக்கு,

விருமாண்டி எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அங்கே அத்தையும் உன் வீட்டுக்காரி மாயக்காளும் சுகம்தானே?

மாப்ள, சொன்னால் நம்பமாட்டாய். இங்கே வாலிபால் ஆடுவது கூரை போட்ட கட்டடத்துக்குள்! தரையெல்லாம் வழவழவென்று பலகை. நம்ம பேரையூர்ப் பொட்டலில் விழுந்தால் முழங்கால் தோல் உரியும். இங்கே விழுந்தால் வழுக்கிக்கொண்டு போகிறோம். மேலே அம்புட்டு விளக்கு. முதல் நாள் ஆட்டத்தை மறந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். மலையாளத்துக்காரன் ஒருத்தன் ஆறேகால் அடி இருக்கிறான். "மதுரையிலிருந்து வந்தது நீதானா?" என்று அவனே வந்து கை கொடுத்தான்.

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நம் ஆட்டத்தைப் பார்த்து என்னைக் கூட்டிவந்த கோச் பாலசுந்தரம் சார், "ரெண்டே வருஷம், இவன் இந்தியாவுக்கு ஆடுவான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நன்றாக ஆடினால் இந்த டீமை நடத்துகிற கம்பெனியிலேயே வேலை நிரந்தரம். இப்போதைக்குப் பந்துதான் கைக்கு வாகாக வரமாட்டேன் என்கிறது. ஒரு மாதத்தில் பழகிவிடும் என்கிறார்.

உடனே பதில் போடு.

உன் மாப்ள,
விருமாண்டி


பேரையூர்,
3-8-1979

அன்பு மாப்ளைக்கு,

கண்ணுச்சாமி. எல்லோரும் சுகம். மழைதான் இல்லை, பருத்தி விதைக்காமல் கிடக்கிறது.

உன் கடிதத்தை டீக்கடையில் மூன்று தடவை படிக்கவைத்துவிட்டார்கள். பேச்சிமுத்து அண்ணன், "பலகையிலயா ஆடுறான்? தேஞ்சு போகாதாடா?" என்று கேட்டார். பேப்பரில் வந்த உன் ரேஸ்கோர்ஸ் ஆட்டப் படத்தைக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். நீ அந்தரத்தில் நிற்கிறாய். கீழே ஓரத்தில் இரண்டு கை மட்டும் தெரிகிறது. "அது என் கைடா, அவன் அடிக்கிறதுக்குப் பந்தை நான்தான் தூக்கிக் குடுத்தேன்" என்றால் ஒரு பயலும் நம்பவில்லை. போகட்டும்.

ஊரே உன்னை நம்பி இருக்கிறது, பேரைக் கெடுத்துவிடாதே. என்னைப் பற்றி அங்கே யாராவது கேட்டார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
கண்ணுச்சாமி


சென்னை,
29-8-1979

அன்புள்ள மாப்ளைக்கு,

யாரும் கேட்கவில்லை. இங்கே பந்து தூக்கிக் கொடுக்க மூன்று பேர் இருக்கிறார்கள். எல்லோரும் பெரிய டோர்னமென்ட் ஆடியவர்கள்.

காலையும் மாலையும் பயிற்சி. இனி அடிக்கடி எழுத முடியாது. கோபித்துக்கொள்ளாதே.

விருமாண்டி


பேரையூர்,
10-6-1982

அன்பு மாப்ளைக்கு,

மூன்று பொங்கல் போய்விட்டது, நீ எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு மகள் பிறந்து நடக்கவே ஆரம்பித்துவிட்டாள். பேப்பரில் உன் பேரைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போனது. கேட்கிறவர்களிடம், "ரஷ்யாவுக்கு ஆடப் போயிருக்கான்" என்று நானே அள்ளிவிட்டுக்கொண்டிருக்கிறேன்.

எனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் எழுது மாப்ள. எதுவாக இருந்தாலும் சரி.

கண்ணுச்சாமி


சென்னை,
5-3-1983

அன்புள்ள கண்ணுச்சாமிக்கு,

என்னை டீமிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேலையும் இந்த மாதத்தோடு சரி. நாலு வருஷத்தில் இறங்கி ஆடினது ரெண்டு மூணு ஆட்டம், மற்றபடி பெஞ்சில்தான் மாப்ள. எவனும் எனக்குக் குழி பறிக்கவில்லை, சிபாரிசு பண்ணி எவனும் உள்ளே வரவில்லை. என்னால் அடிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஏன் முடியவில்லை என்று முதல் மாதமே எனக்குத் தெரிந்துவிட்டது. இங்கே தூக்குகிற பந்து எல்லோருக்கும் பொதுவாக வரும். நீ தூக்கினால் எனக்கென்று வரும். எங்கே குதிக்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது, பந்து அங்கே போய் நிற்கும். கொஞ்சம்கூடச் சுற்றாது. அதன்மேல் அச்சடித்திருக்கிற எழுத்தைப் படித்துவிட்டு அடிக்கலாம்! இந்த நாலு வருஷத்தில் பஞ்சாப், கேரளா, வெளிநாட்டு ஆட்டக்காரன் என்று எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். உன் கை மாதிரி ஒரு கையைப் பார்க்கவில்லை. உழவுமாட்டுக் கயிறு பிடிக்கிற கைக்கு அந்த வித்தையை யார் கொடுத்தது? நினைத்தால் இப்பவும் மேல் சிலிர்க்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாராவது கேட்டார்களா என்று நீ எழுதின அதே வாரம் பாலசுந்தரம் சார் கேட்டார். "அன்னைக்கு உன்னையே பார்த்துட்டு நின்னுட்டேன். உனக்குத் தூக்கிக் குடுத்தது யாருப்பா? பேரைச் சொல்லு, அவனையும் கூப்பிட்டுப் பார்ப்போம்" என்றார். "அப்படி ஒருத்தன்னு இல்ல சார், ஆளுக்கொரு நாள் தூக்குவாங்க" என்று சொல்லிவிட்டேன். நீ வந்து நின்றால் என் அடியெல்லாம் உன் கையால்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், அப்புறம் என்னை யார் மதிப்பார்கள் என்று பயம். உனக்கும் யாரும் கேட்கவில்லை என்று எழுதினேன்.

இப்போது கூப்பிடலாம் என்றால், இருபத்து மூன்று வயதுக்கு மேல் டீமில் புதிதாக எடுக்கமாட்டார்கள். நமக்கு இருபத்தைந்து. ஊருக்கு வர மூஞ்சி இல்லை மாப்ள.

விருமாண்டி


பேரையூர்,
19-3-1983

விருமாண்டிக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கே கிழித்துப்போடப் போனேன். மாயக்காள் பிடுங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள். நேற்றுத்தான் மறுபடி எடுத்துப் படித்தேன்.

நானும் உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. எண்பத்தொன்று தை மாதம் பருத்தி லாரியில் ஏறிச் சென்னைக்கு வந்தேன். நீ இறங்கி ஆடின ஒரு ஆட்டத்தைக் கேலரியில் உட்கார்ந்து பார்த்தேன். அம்மாடி, எம்புட்டு உயரம் ஏறுகிறாய்! ஊரில் நான் பந்தைப் பார்ப்பேன், உன் காலைப் பார்ப்பேன். உன்னை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். மேலே போனவன் இறங்காமல் நின்றாய். பக்கத்திலிருந்த சென்னைக்காரர், "யாருய்யா இவன்!" என்று எழுந்தேவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பந்துதான் உன் கைக்கு ஒரு சாண் கீழே போனது. அம்புட்டு உயரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க அங்கே ஆள் இல்லை. என் கையை இவ்வளவு புகழ்கிறாயே, நீ ஏறாமல் நான் யாருக்குத் தூக்க?

ஆட்டம் முடிந்து வாசலில் நின்றேன். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாய். கூப்பிட வாய் வரவில்லை. நீயே எழுதுவாய் என்று இரண்டு வருஷமாகக் காத்திருந்தேன்.

ஆனால் அந்தக் கோச் என் பேரைக் கேட்டார் என்று எனக்குத் தெரியாதேடா! பாவி, ஒரு பேர்தானே கேட்டார்? சொத்தையா கேட்டார்? டீமுக்கு வராமல் போனதற்குக்கூட நான் இம்புட்டு வருத்தப்படவில்லை. என்னை யாரும் கவனிக்கவே இல்லை என்று நாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேனே, அதுதான் வயிற்றெரிச்சல்.

வேலையும் வேண்டாம், டீமும் வேண்டாம். அந்த பாலசுந்தரம் சாரிடம் போ. அன்றைக்குக் கேட்டதற்கு இன்றைக்குப் பதில் சொல். சொல்லிவிட்டு ஊருக்கு வா. சொல்லாமல் என் முகத்தில் முழிக்காதே.

கண்ணுச்சாமி


சென்னை,
26-3-1983

மாப்ள,

சொல்லிவிட்டேன். "பேரையூர் கண்ணுச்சாமி சார், எல்லா ஆட்டமும் அவன்தான் தூக்கினான்" என்றேன். சட்டைப் பையிலிருந்து டைரியை எடுத்து உன் பேரையும் ஊரையும் எழுதினார். வயது கேட்டார். சொன்னேன். பேனாவை மூடிவிட்டார். "உனக்குத் தூக்க நாலு வருஷமா எங்கெங்கேயோ ஆள் தேடினேனேப்பா" என்றார். என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வாரேன். அவர் திட்டவில்லை. நீயாவது நாலு வார்த்தை நன்றாகத் திட்டிவிடு.

விருமாண்டி