பாரை இறங்கும் முன்

மக்கா,

விரல் இடுக்கில் ஒட்டிய சிவப்பு பெயிண்ட் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. காலையில் சுசீந்திரம் ரோட்டில் லொக்கேட்டரை வைத்து, மண்ணுக்கடியில் கேபிள் போகும் வழியைத் தேடிக் கோடு போட்டேன். பின்னால் வரைபடத்தோடு நின்ற புது சூப்பர்வைசர், "படத்துலதான் கேபிள் இல்லையே, பின்ன என்னத்துக்கு இந்தத் தாமசம்?" என்றான். அதே வார்த்தை. பெயிண்ட் டப்பாவை அவன் காலடியில் வீசிவிட்டேன். அந்த ஆத்திரம் அடங்காமல்தான் உனக்கு எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் இந்த வேலையை மஸ்கட்டில் பழகினோம். அங்கே கருவி வைத்துப் பார்த்துக் குறி போட்ட பிறகுதான் மண்ணில் கை வைக்க விடுவார்கள். நீ கருவியைத் தரையோடு ஒட்டி ஆட்டியபடி நடப்பாய். கேபிளுக்கு நேர் மேலே வந்ததும் அது வீறிடும். "கெடக்கான் பாத்தியா, உறங்குத பாம்பு மாதிரி" என்று சிரிப்பாய். ஊருக்குத் திரும்பி ஒரே காண்டிராக்டரிடம் சேர்ந்தோம். அவரிடம் ஆட்கள் நிறைய. கருவி ஒன்றே ஒன்று.

பூதப்பாண்டியில் குடிநீர்க் குழாய்க்குக் குழி தோண்டிய அன்று, நம் சூப்பர்வைசர் என்னையும் கருவியையும் அஞ்சுகிராமத்துக்கு அனுப்பிவிட்டான். நீ போனில் கூப்பிட்டாய்.

"மெஷினு எப்பம் வரும்?"

"மத்தியானம் ஆவும். அதுவரைக்கும் தோண்டாத."

"நான் தோண்ட மாட்டேன்னு சொல்லியாச்சு. 'படத்துலதான் கேபிள் இல்லையே, பின்ன என்னத்துக்குத் தாமசம்'ங்கான் சூப்பர்வைசரு. இப்பம் தங்கப்பண்ணன் கையில பாரையைக் குடுக்கான். இரு மக்கா, இவனை ரெண்டு கேக்காம விட மாட்டேன்."

நான் கேட்ட உன் கடைசிப் பேச்சு அதுதான். மீதியை, உன்னோடு குழி தோண்ட வந்த தங்கப்பண்ணன் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு சொன்னார். "அண்ணே, நிப்பாட்டும்!" என்று கத்தியபடி குழிக்குள் குதித்து, அவரைத் தள்ளிவிட்டுக் கடப்பாரையைப் பிடுங்கியிருக்கிறாய். அதற்குள் பாரையின் நுனி கேபிளைத் துளைத்திருந்தது. அவருக்கு உள்ளங்கை வெந்ததோடு போயிற்று; உன்னை மின்சாரம் விடவில்லை.

குழியருகே விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடம் சூப்பர்வைசர் என்ன சொன்னான் தெரியுமா? "அங்க கேபிள் இருக்குன்னு தெரிய வழியே இல்ல சார். அவன்தான் அவசரப்பட்டுச் சாடினான்."

உன் மனைவி அங்கேயே நின்றாள். அவனை அடிக்க ஓங்கிய கையை இறக்கிக்கொண்டு வண்டியிலிருந்து கருவியை எடுத்தேன். மின்சாரம் நிறுத்தியிருந்த அந்தக் கேபிளுக்குத் தெருமுனைப் பெட்டியிலிருந்து சிக்னல் கொடுத்து, எல்லோரும் பார்க்கக் கோடு போட்டுக்கொண்டே நடந்தேன். குழியின் விளிம்பில் கருவி ஊர் கேட்க அலறியது. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அந்த நேரத்தைத்தான் அவன் உனக்குத் தரவில்லை.

அதிகாரிகள் எழுதிக்கொண்டு போனார்கள். அவன் இப்போது வேறு ஊரில், வேறொரு குழிக்கரையில் ஆட்களை விரட்டிக்கொண்டிருக்கிறான். நான் அந்த வேலையை உதறினேன். பிறகு சேர்ந்த இடங்களிலும் எனக்குச் சண்டைக்காரன் என்றே பெயர்.

போன வாரம் உன் வீட்டில் வைத்தே என் அம்மா குறைபட்டாள். "இவனுக்கு எதுக்கெடுத்தாலும் கோவம். ஒரு இடத்துல நிலைக்க மாட்டேங்கான்."

துணி மடித்துக்கொண்டிருந்த உன் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "அவிய கோவப்படட்டும் அத்தை. அன்னைக்கு ஒருத்தரு கோவப்பட்டதுனாலதான் தங்கப்பண்ணன் உயிரோட இருக்காவ."

அதற்குப் பிறகு, என் கோபத்துக்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்பதை விட்டுவிட்டேன்.